மீன் இல்லாத மரச்சீனித் தட்டு: குமரியில் குறைந்த செலவில் தாவர உணவு

தாவர உணவு என்றதும் இப்போது பலர் மனதில் வந்து நிற்பது பாதாம் பால், ஓட்ஸ், டோஃபு, கினோவா, சின்னப் பாக்கெட்டுகளில் அடைத்த விதைகள். நாகர்கோவிலின் பெரிய கடைகளில் இதெல்லாம் கிடைக்கிறது. விலையைப் பார்த்ததும், நமக்கு இது கட்டுப்படியாகாது என்று திரும்பி வந்துவிடுகிறோம். அந்தப் பட்டியலில் ஒன்றைக்கூட வாங்காமல், மீன், இறைச்சி, முட்டை மட்டுமல்ல, பாலும் தயிரும்கூட இல்லாமல், கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு குடும்பம் வயிறு நிறைய, சத்துக் குறையாமல் சாப்பிட முடியும். செலவும் இப்போது ஆவதைவிட அதிகமாகாது. ஆனால் ஒரு இடத்தில் கவனம் தப்பினால் எல்லாம் தப்பும். இந்த மாவட்டத்தின் சாப்பாடு மீனை நம்பி உருவானது. மீனை எடுத்துவிட்டு அந்த இடத்தைக் காலியாக விட்டால் தட்டில் மிஞ்சுவது மாவுச்சத்து மட்டும்தான். வயிறு நிறையும், பசி அடங்கும், உடம்பு எடைகூடப் போடும். ஆனால் ஆறு மாதம் கழித்து சோர்வு, முடி உதிர்வு, ரத்தசோகை என்று ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டி வரும். குற்றம் கடைசியில் தாவர உணவின் தலையில் விழும்.

அதனால் இந்தத் தட்டு எப்படி உருவானது என்பதிலிருந்து தொடங்குவதுதான் சரி.

மரச்சீனி (மற்ற ஊர்களில் மரவள்ளி என்பார்கள்) தென்னமெரிக்கக் கிழங்கு, போர்த்துக்கீசியர் வழியாக இந்தக் கரைக்கு வந்தது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அதை ஏழைகளின் பசிக்கு மருந்தாகப் பார்த்துப் பயிரிட ஊக்கம் கொடுத்தார். அன்றைக்கு இன்றைய குமரி மாவட்டத்தைச் சேர்ந்த தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு எல்லாமே திருவிதாங்கூரில்தான் இருந்தன. 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்தது, பர்மா அரிசி வருவது நின்றுபோனது. வெளியரிசியை நம்பியிருந்த திருவிதாங்கூரில் அந்தப் பஞ்ச காலத்தைக் கடத்திவிட்டது மரச்சீனிதான். 1956 நவம்பர் 1ஆம் தேதி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அலுவலக மொழியும் பாடப்புத்தகமும் மாறின, அடுப்படி மாறவில்லை. இன்றைக்கும் மார்த்தாண்டத்திலோ கருங்கலிலோ மரச்சீனி வாங்கும்போது முதல் கேள்வி விலையைப் பற்றி இருக்காது, "வேகுமா?" என்றுதான் இருக்கும். விற்கிறவர் ஒரு கிழங்கை எடுத்துப் பட்டென்று ஒடித்துக் காட்டுவார். உள்ளே வெள்ளை வெளேரென்று, நீல வரியில்லாமல் இருக்கும். "இன்னைக்குப் பிடுங்கினதாக்கும் மக்களே, மாவா வேகும்" என்பார். நீல வரி விழுந்திருந்தால் பிடுங்கி ரெண்டு மூணு நாளாகிவிட்டது என்று அர்த்தம்.

இந்தக் கிழங்குக்குக் கடற்கரை தந்த துணை மீன். குறிப்பாகச் சாளை (மத்தி). நீரோடியிலிருந்து கன்னியாகுமரி வரை கடல் பக்கத்திலேயே இருக்க, கிழங்கும் சாளையும் சேர்ந்தது ருசிக்காக மட்டுமல்ல. கணக்குப் போட்டுப் பார்த்தால் அதில் உள்ள ஞானம் தெரியும். 100 கிராம் மரச்சீனியில் புரதம் 1 கிராமுக்குச் சற்று முன்பின்தான். அரைக் கிலோ கிழங்கை அவித்துச் சாப்பிட்டால் 700, 800 கலோரி வரை கிடைக்கும், புரதம் 7 கிராமைத் தாண்டாது. கூட 100 கிராம் சாளை இருந்தால் புரதம் ஏறக்குறைய 18 கிராம் கூடும். முள்ளோடு தின்கிற சின்ன மீன் என்றால் சுண்ணாம்புச் சத்தும் சேரும். ஒரு வேளைச் சாப்பாட்டில் 25 கிராம் புரதம். மிக நல்ல கணக்கு.

இப்போது மீனை மட்டும் எடுங்கள். 25 என்பது 7 ஆகிவிடுகிறது. தேங்காய்ச் சம்மந்தி (துவையல்) தொட்டுக்கொண்டால் ருசி குறையாது, அதனாலேயே குறை கண்ணுக்குத் தெரியாது. மரச்சீனியும் சம்மந்தியும் கட்டஞ்சாயாவும் (பால் விடாத தேநீர்) எனக்கும் பிடித்த சாப்பாடுதான். ஆனால் அதைத் தினமும் ஒரு வேளைச் சாப்பாடாக வைத்துக்கொள்வது சிக்கனம் இல்லை, பட்டினியின் வேறு வடிவம்.

அந்தக் காலி இடத்தில் வைக்கவேண்டியது பயறு. 80 கிராம் சிறுபயறில் 18 கிராம் புரதம் இருக்கிறது, அதாவது எடுத்த சாளைக்குச் சரியான ஈடு. 80 கிராம் என்பது ஊறவைக்கும் முன் காய்ந்த பயறின் எடை. ஒரு பெரிய கைப்பிடியும் இன்னொரு கால் கைப்பிடியும் வரும். ஊறி வெந்தால் ஒரு கிண்ணம்.

பயறின் கணக்கு

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி, வளர்ந்த ஒருவருக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். 65 கிலோ ஆணுக்கு 54 கிராம், 55 கிலோ பெண்ணுக்கு 46 கிராம். கேட்டால் பெரிய எண்ணாகத் தோன்றும். 300 கிராம் அரிசியிலேயே 23 கிராம் வந்துவிடுகிறது. 80 கிராம் பயறு 18 தருகிறது. சாயங்காலம் ஒரு கைப்பிடி நிலக்கடலை அவித்துத் தின்றால் 7. கீரை, காய், தேங்காய் எல்லாமாகச் சேர்ந்து ஐந்தாவது வரும். கூட்டினால் 53. புரதப் பவுடர் டப்பா எதுவும் வேண்டியதில்லை.

அரிசியும் பயறும் ஒரே நாளில் வயிற்றுக்குள் போகவேண்டும் என்பது முக்கியம். புரதம் அமினோ அமிலங்களால் ஆனது. அரிசியில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பயறுகளில் அது தாராளம். பயறில் மெத்தியோனைன் குறைவு, அரிசி அதை ஈடுகட்டும். புட்டும் பயறும் பழமும், கஞ்சியும் பயறும், உளுந்தஞ்சோறு என்று நம் வீடுகளில் காலங்காலமாகச் சேர்ந்தே வரும் ஜோடிகளை நினைத்துப் பாருங்கள். யாரும் அமினோ அமிலம் படித்து அவற்றைச் சேர்க்கவில்லை. ஆனால் அரிசி மூன்று பங்குக்குப் பயறு ஒரு பங்கு என்று இன்றைய ஊட்டச்சத்து வழிகாட்டுதல் சொல்லும் அளவுக்கு அந்தக் கஞ்சி பக்கத்தில் வருகிறது.

கஞ்சியைப் பற்றிக் கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டும். குமரியின் கஞ்சி உடம்பு சரியில்லாதவர்களின் சாப்பாடு இல்லை. சம்பா அரிசியை நிறைய வெள்ளம் (தண்ணீர்) விட்டு வேகவைத்து, வடிக்காமல் வெள்ளத்தோடு உண்பது. சிவப்பு அரிசி என்பதால் தவிடு கொஞ்சம் ஒட்டியிருக்கும். வடிக்காததால் தண்ணீரில் கரையும் பி வகை உயிர்ச்சத்துகள் கொட்டப்படுவதில்லை. பக்கத்தில் சிறுபயறுத் துவரன். பயறை இரவே ஊறவைத்துவிட்டால் காலையில் குக்கரில் ரெண்டு விசில் போதும். மலர்ந்து நிற்கவேண்டும், குழையக் கூடாது. தேங்காய், சீரகம், பூண்டு, பச்சைமிளகாய், மஞ்சள் ஆகியவற்றைச் சதைத்து (அரைக்கக் கூடாது, ஒன்றிரண்டாகச் சதைக்கவேண்டும்) பயறோடு சேர்த்து, கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டினால் முடிந்தது. கூட ஒரு சுட்ட வத்தல் சம்மந்தி. இந்தச் சாப்பாட்டை விலை குறைவானது என்பதற்காக மட்டும் புகழவில்லை. இதைவிட முழுமையான ஒரு வேளைச் சாப்பாடு எந்த விலைக்கும் கிடைப்பது கஷ்டம்.

காசுக் கணக்கும் பார்ப்போம். நான்கு பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு நாளொன்றுக்குச் சராசரி 60 கிராம் பயறோ பருப்போ என்றால் மாதத்துக்கு 7 கிலோவும் 200 கிராமும் வேண்டும். குழந்தைகளும் இருப்பார்கள் என்பதால் சராசரியைக் குறைத்தே வைத்திருக்கிறேன். ரேஷனில் ஒரு அட்டைக்கு 1 கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய்க்குக் கிடைக்கிறது. மீதி 6 கிலோ 200 கிராமைக் கடையில் வாங்கவேண்டும். கிலோ 120 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 744 ரூபாய், ரேஷன் பருப்பையும் சேர்த்தால் 774, அதாவது வீட்டுக்கே நாளொன்றுக்கு 26 ரூபாய். இன்றைக்கு 26 ரூபாய்க்கு நான்கு பேருக்கு மீன் வாங்க முடியுமா என்பதை அவரவர் ஊர்ச் சந்தையில் விசாரித்துக்கொள்ளலாம்.

எல்லாமே சிறுபயறாக இருக்கவேண்டியதில்லை. காணம் (வடக்கே கொள்ளு என்பார்கள்) பெரும்பாலும் சிறுபயறைவிட விலை குறைவு, புரதம் ஏறக்குறைய அதே அளவு, சுண்ணாம்புச் சத்து அதைவிடக் கூடுதல். மாட்டுக்கு வேகவைக்கிற சாமான் என்ற பழைய எண்ணத்தால் பல வீடுகளில் அது உள்ளே வருவதில்லை. அந்த எண்ணத்தை விட்டுவிடலாம். வறுத்து அரைத்த காணத் துவையல் கஞ்சிக்கு அத்தனை நன்றாக இருக்கும். தட்டைப்பயறு எரிசேரிக்கு, கொண்டைக்கடலை புட்டுக்கு. சோயா உருண்டையும் சொல்லவேண்டும்: 100 கிராமில் பாதி புரதம்தான், ரூபாய்க்கு இத்தனை கிராம் என்று பார்த்தால் அதற்கு மிஞ்சியது சந்தையில் இல்லை. வாரத்தில் ரெண்டு நாள் அதை வெந்நீரில் போட்டுப் பிழிந்து, மீன்கறிக்கு அரைக்கிற தேங்காய் அரைப்பிலேயே புளியும் முருங்கைக்காயும் போட்டு வைத்துப் பாருங்கள். குமரிக்காரனின் நாக்கு தேடுவது பெரும்பாலும் மீனைவிட அந்த அரைப்பைத்தான் என்பது என் உறுதியான எண்ணம். சேனை, வாழைக்காய், கத்தரிக்காய் எல்லாம் அந்தக் குழம்பில் நன்றாகவே சேரும்.

மீன் தடையும் சக்கையும்

மீன்பிடித் தடைக்காலம் கிழக்குக் கடற்கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கடற்கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டு கடற்கரையும் உள்ள இந்த மாவட்டத்துக்கு இரண்டுமே உண்டு. சின்னமுட்டம் விசைப்படகுகள் முந்தைய கணக்கில் நிற்கும், குளச்சலும் தேங்காப்பட்டணமும் பிந்தைய கணக்கில். வள்ளங்கள் (நாட்டுப்படகுகள்) கடலுக்குப் போனாலும், ஏப்ரல் நடுவிலிருந்து ஜூலை முடியும்வரை மீன் வரத்து குறைந்து விலை ஏறும்.

அதே மாதங்களில்தான் சக்கை, அதாவது பலா, காய்த்துக் குலுங்குகிறது.

மேற்குப் பகுதி வீடுகளில் ஒரு மரமாவது நிற்கும். மரம் இல்லாதவர்களுக்குப் பக்கத்து வீட்டில் கேட்டால் கிடைக்கும். பல விளைகளில் (தோட்டங்களில்) பழுத்து விழுந்து ஈ மொய்த்துக் கிடப்பதைப் பார்க்கிறோம். ஒரு சக்கை எத்தனை விதமாகச் சாப்பாடாகிறது என்பதைப் பார்த்தால் அதை இப்படி வீணாக்க மனம் வராது. பிஞ்சாக இருக்கும்போது இடிச்சக்கைத் துவரன். முற்றிப் பழுக்காத நிலையில் சுளையைக் கீறி மஞ்சளும் தேங்காயும் சதைத்துப் போட்டால் சக்கை அவியல், அது மரச்சீனிக்குப் பதிலாக ஒரு வேளைச் சாப்பாடு. பழுத்தால் வருக்கையை அப்படியே தின்னலாம், கூழன் என்றால் பிழிந்து மாவோடு சேர்த்து அப்பமாக்கலாம். அப்புறம் கொட்டை. 100 கிராம் பச்சைக் கொட்டையில் 6 கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது, மரச்சீனியைவிடப் பல மடங்கு. அதையும் மாங்காயையும் முருங்கைக்காயையும் போட்டு வைக்கிற கறிக்கு இந்த ஊரில் மறுப்புச் சொல்கிறவர் குறைவு. கொட்டையை மணலில் புதைத்து மழைக்காலத்துக்குச் சேர்த்து வைப்பது பழைய வழக்கம், இப்போதும் செய்யத்தக்கது.

தாவர உணவுக்கு மாற நினைக்கிறவர்கள் இந்த மாதங்களில் தொடங்குவது நல்லது. சந்தையே அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டிருக்கும். கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக்கு மாலை போட்டு 41 நாள் விரதம் இருக்கும் வீடுகளுக்கும் இந்தச் சமையல் புதிதல்ல, அங்கே பாலும் மோரும் மட்டும்தான் வேறுபாடு. அவியலில் தயிருக்குப் பதில் மாங்காய், பாயசத்தில் தேங்காய்ப்பால், சாப்பாட்டின் முடிவில் மோருக்குப் பதில் ரசம் என்று போய்விடலாம். சுவாமித்தோப்பு முதலான அய்யாவழிப் பதிகளில் (வழிபாட்டிடங்களில்) தர்மமாகக் கொடுக்கும் உம்பான் சோறும் காய்கறி சேர்ந்த சோறுதான். மரக்கறிச் சாப்பாட்டுக்கு இங்கே எல்லாச் சமயத்தாரிடமும் ஒரு இடம் ஏற்கெனவே இருக்கிறது.

சந்தையில் எதை விட்டுவிடலாம்

காரட், பீன்ஸ், முட்டைக்கோஸ், காலிஃபிளவர் எல்லாம் மலையிலிருந்தும் வெளி மாவட்டங்களிலிருந்தும் லாரி ஏறி வருகிறவை. வடசேரிச் சந்தைக்கோ அப்டா சந்தைக்கோ காலையில் போனால் மூட்டை இறக்குவதைப் பார்க்கலாம். டீசல் விலையும் மழையும் கேரளத்தின் தேவையும் அந்த விலையில் சேர்ந்திருக்கும். ஓணத்துக்கு முந்தைய ரெண்டு வாரம் காய்கறியும் வாழைக்குலையும் எல்லை தாண்டிப் போவதால் இங்கே விலை ஏறுவது ஒவ்வொரு வருடமும் நடப்பது. அந்த நேரத்தில் ஏத்தம்பழத்தை (நேந்திரம்பழம்) தேடிப் போவதில் அர்த்தமில்லை, பாளையங்கோட்டான் வாங்கினால் போதும். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற மட்டிப்பழம் நமக்குப் பெருமைதான், ஆனால் தினசரிப் பழம் விலை குறைந்ததாக இருக்கவேண்டும்.

மலிவான காய்கள் உள்ளூரிலேயே விளைகிறவை: சேனை, சேம்பு, காய்ச்சில், சிறுகிழங்கு, தடியங்காய், மத்தன், வெள்ளரி, பப்பாளிக்காய், முருங்கை. வாழையில் எதுவுமே போகாது. கூம்பு (வாழைப்பூ) துவரனுக்கு, தண்டு கூட்டுக்கு, காய் அவியலுக்கு. ஏத்தங்காயின் தோலைக்கூடத் தூக்கிப் போடவேண்டாம். மேலே உள்ள நாரை லேசாகச் சீவிவிட்டு, பொடியாக நறுக்கி, மஞ்சள் கலந்த தண்ணீரில் கொஞ்சநேரம் போட்டுக் கறையைக் கழுவி, வேகவைத்த சிறுபயறோடு துவரன் வைத்தால் காசு செலவில்லாமல் ஒரு கறி கிடைத்துவிடும். கல்யாண வீட்டுப் பந்திக்கு ஏத்தங்காய் உப்பேரி வறுக்கிற வீடுகளில் மறுநாள் இந்தத் துவரன் இருக்கும்.

தேங்காயைப் பற்றிப் பேசாமல் இந்த ஊர்ச் செலவைப் பேச முடியாது. ஈத்தாமொழி நெட்டைக்குப் புவிசார் குறியீடு வாங்கிய மாவட்டம் இது, ஆனாலும் வீட்டில் மரம் இல்லாதவர்களுக்கு 2025இல் தேங்காயும் எண்ணெயும் ஏறிய விலை பெரிய அடி. குமரிச் சமையல் எல்லாக் கறிக்கும் தேங்காய் கேட்கும். ஒரு சாப்பாட்டில் துவரன், அவியல், அரைத்த குழம்பு, சம்மந்தி என்று நான்கிலும் தேங்காய் விழுந்தால் சிக்கனம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒரு வேளைக்கு ஒரு தேங்காய்க் கறி என்று வைத்துக்கொள்வது நடக்கக்கூடிய காரியம். சம்மந்தியில் பாதி பொரிகடலை சேர்க்கலாம். தீயலுக்குத் தேங்காயோடு கொஞ்சம் மல்லியும் நிலக்கடலையும் வறுத்து அரைத்தால் குழம்பின் கெட்டி குறையாது. அவியலில் மட்டும் கை வைக்கவேண்டாம், தேங்காயும் பச்சைத் தேங்காயெண்ணெயும் குறைந்த அவியல் அவியலாக இருக்காது.

பணமாகத் தெரியாத செலவு

மரச்சீனி தொலி உரிக்க நேரமாகும். சக்கை அறுக்க, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு ஒரு ஆள் அரைநாள் உட்காரவேண்டும். கூம்பு நறுக்க, கீரை ஆய, தேங்காய் துருவ, பயறு ஊறவைக்க நினைவு வைத்திருக்க எல்லாமே வேலை. மீன் வாங்கினால் வாசலிலேயே மீன்கார அம்மா வெட்டிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார், அரை மணிநேரத்தில் குழம்பு கொதித்துவிடும். மலிவான தாவர உணவு பல வீடுகளில் ஒரு பெண்ணின் கூடுதல் உழைப்பால்தான் மலிவாக இருக்கிறது. காலையில் முந்திரி ஆலைக்கோ துணிக்கடைக்கோ போய் இருட்டிய பிறகு வீடு திரும்புகிற ஒருவரிடம் சக்கைக்கொட்டையை உரி என்று சொல்வது அநியாயம்.

இதற்கு வழி வேலையைப் பங்கு போடுவதுதான். பயறு, காணம், கடலை ஆகியவற்றை வாரத்துக்கு ரெண்டு தடவை மொத்தமாக அவித்து வைக்க ஆணாலும் முடியும், பள்ளிப் பிள்ளையாலும் முடியும். ஊறவைத்த பயறு சீக்கிரம் வேகும், கேஸ் மிச்சமாகும். மேற்கே ரப்பர் விறகும், மற்ற இடங்களில் சிரட்டையும் மடலும் எரிக்கிற அடுப்பு இருந்தால் கடலை வேகவைப்பதை அங்கே வைத்துக்கொள்ளலாம்.

வீட்டைச் சுற்றிய விளை சுருங்கியதும் இதோடு சேர்ந்த கதை. அருமனை, குலசேகரம் பக்கம் ரப்பர் கன்று வைத்த முதல் சில வருடம் இடையில் மரச்சீனியோ வாழையோ அன்னாசியோ நிற்கும். மரம் வளர்ந்து நிழல் மூடியதும் கீழே சாப்பாட்டுப் பயிர் எதுவும் வராது. நாஞ்சில் நாட்டு வயல்கள் பல தென்னந்தோப்பாகவும் வீட்டு மனையாகவும் ஆகிவிட்டன. முன்பு விளையிலிருந்து சும்மா வந்த கிழங்கும் கீரையும் இப்போது காசு கொடுத்து வாங்கும் பொருள். இருக்கிற ரெண்டு சென்ட் இடத்தில் ஒரு முருங்கையும் ஒரு பப்பாளியும் நாலு மூடு சேம்பும் நட்டால் கீரைச் செலவு ஏறக்குறைய இல்லாமலாகும். வாடகை வீட்டுக்காரர்களுக்கு அதுவும் கிடையாது, அவர்களின் கணக்கு வேறு.

கடற்கரை ஊர்களின் கணக்கும் வேறுதான். வள்ளத்திலிருந்து பங்காகக் கிடைக்கும் மீனை விட்டுவிட்டுக் காசு கொடுத்துப் பயறு வாங்கு என்று அவர்களிடம் சொல்ல நான் துணியமாட்டேன்.

மீனோடு போகும் மற்ற சத்துகள்

பி12 உயிர்ச்சத்தைப் பற்றி மழுப்பாமல் பேசவேண்டும். எந்தக் கீரையிலும் எந்தப் பயறிலும் அது நம்பத்தக்க அளவில் இல்லை. பாலும் தயிரும் எடுத்துக்கொள்பவர்களுக்கு ஓரளவு கிடைக்கும். அவற்றையும் விட்டவர்கள் மாத்திரையாக எடுத்தே ஆகவேண்டும். ரேஷனில் வரும் செறிவூட்டப்பட்ட அரிசியில் இரும்பு, ஃபோலிக் அமிலத்தோடு பி12உம் சேர்க்கிறார்களே என்று கேட்கலாம். அதற்கான தரநிர்ணயம் ஒரு கிலோ அரிசிக்கு 0.75 முதல் 1.25 மைக்ரோகிராம் வரை. 300 கிராம் சோற்றரிசியில் 0.4 மைக்ரோகிராம்கூட வராது. நாளொன்றுக்கு வேண்டியது 2 மைக்ரோகிராமுக்குச் சற்று மேல். அரிசியை நம்பியிருக்க முடியாது என்பது தெளிவு. மாத்திரை விலை அதிகமில்லை. எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒரு தடவை என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளவேண்டும். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் சின்னக் குழந்தைகளும் டாக்டரைக் கேட்காமல் பாலையும் முட்டையையும் நிறுத்தவே கூடாது.

முள்ளோடு தின்ற மீன் கொடுத்த சுண்ணாம்புச் சத்துக்கு முருங்கைக்கீரை இருக்கிறது, 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல். அகத்தியில் அதைப்போல் மூன்று மடங்கு. கேப்பையும் (கேழ்வரகு) எள்ளும் காணமும் கூட உதவும். நாளைக்கு 1000 மில்லிகிராம் வேண்டும் என்பதால் கீரை வாரத்துக்கு ஒரு நாள் விஷயமாக இருக்கக் கூடாது. அதே கீரையிலும் பயறிலும் இரும்புச்சத்து உண்டு, ஆனால் தாவரத்தின் இரும்பை உடம்பு சுலபத்தில் எடுத்துக்கொள்ளாது. கூட மாங்காய், எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா என்று சி உயிர்ச்சத்து உள்ள ஏதாவது இருந்தால் எடுக்கும் அளவு கூடும். சாப்பிட்ட கையோடு கட்டஞ்சாயா குடித்தால் குறையும். பெண்களுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் இரும்பு வேண்டும் என்று பரிந்துரை இருக்கும்போது, சாயாவை ஒரு மணிநேரம் தள்ளிவைப்பது சின்ன விஷயம் இல்லை. கடல்மீன் தந்த அயோடினுக்கு அயோடின் கலந்த உப்பு போதும், கல்லுப்பு மட்டும் வாங்குகிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

மரச்சீனியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அதில் சயனைடை உண்டாக்கும் பொருள் இயல்பாகவே இருக்கிறது, கசப்பு வகைகளில் கூடுதல். நிறைய வெள்ளத்தில், மூடாமல் கொதிக்கவிட்டு, அந்த வெள்ளத்தை ஊற்றிவிடும் நம் வழக்கம் சரியானது. அவசரத்துக்குக் குக்கரில் கொஞ்சம் வெள்ளம் விட்டு அப்படியே வற்றவைக்கும் பழக்கம் வேண்டாம். சர்க்கரை நோயாளிகளுக்கு மரச்சீனி சோற்றுக்குப் பதிலாக அளவோடு மட்டும்தான், சோற்றுக்கு மேலே கூடாது.

ரேஷன் கடை

நான்கு பேர் குடும்பத்துக்கு ரேஷனில் 20 கிலோ அரிசி இலவசம். 2011 ஜூனிலிருந்து தமிழ்நாட்டில் இது நடக்கிறது, ஏழை வீடுகளில் பட்டினியை விரட்டியதில் அதன் பங்கு பெரியது. ஆனால் 20 கிலோ அரிசிக்குத் துணையாக வருவது 1 கிலோ துவரம்பருப்பு. மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பயறு என்ற கணக்குப்படி 20 கிலோவுக்கு 6 கிலோவுக்கு மேல் வேண்டும். மாவுச்சத்து இலவசம், புரதம் சந்தை விலைக்கு என்றால், கையில் காசு குறைந்த வாரத்தில் எந்த வீடும் எதை வெட்டும் என்று சொல்லத் தேவையில்லை.

அந்த 1 கிலோவை 3 கிலோவாக ஆக்கலாம். அதில் காணமோ சிறுபயறோ ஒரு கிலோ இருக்கட்டும், ரெண்டும் தமிழ்நாட்டிலேயே மானாவாரியில் விளைகிறவை. 25 ரூபாய் பாமாயிலுக்குப் பதில் தேங்காயெண்ணெய் கொடுங்கள் என்று தென்னை விவசாயிகள் பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கோரிக்கையோடு பயறையும் சேர்த்துக் கேட்கவேண்டும். அடுத்த முறை ஊரில் கிராமசபை கூடும்போது குடிநீர், சாலை, தெருவிளக்கோடு இதையும் ஒரு தீர்மானமாக எழுதி வைக்கலாம்.